மூளை, முள்ளந்தண்டு உறைகளுக்குப் புற்றுநோய் பரவினால்: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்பு, நுரையீரல், இரத்தம் என்று ஏதோ ஒரு புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டிருப்பவருக்கு, "மூளையைச் சுற்றியிருக்கும் உறைக்குப் பரவியிருக்கு" என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் வீட்டார் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே வரும் மருந்தளவுகள் விளங்கிக்கொள்வதற்கு மட்டும். உங்கள் ஆளுக்குரிய அளவு கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதுதான்.

உறைக்குப் பரவியிருக்கு என்றால் மூளைக்குள் கட்டி இருக்கு என்று அர்த்தமா?

இல்லை, இரண்டும் வேறு. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். மூளையையும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணையும் மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. வெளியே இருப்பது தடித்தது. உள்ளே இருக்கும் இரண்டும் மெல்லியவை. அந்த மெல்லிய இரண்டுக்கும் நடுவில் தெளிந்த நீர் ஓடுகிறது. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறக்குறைய 150 மில்லிலீற்றர். நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றர் அளவு புதிதாகச் சுரப்பதால் இந்த நீர் ஒரே நாளில் மூன்று நான்கு தடவை மாறிவிடும். புற்றுநோய்க் கலங்கள் இதற்குள் இறங்கிவிட்டால் நீரோடு சேர்ந்து தலையிலிருந்து நாரி வரை போகும். பாரத்தால் கீழே படியும் இடங்கள் இரண்டு: மூளையின் அடிப்பகுதி, நாரிக்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலப் பிரியும் இடம். நோயின் குறிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கலங்கள் சிலருக்கு நீரில் மிதக்கும். சிலருக்கு உறைமேல் படலமாகவோ சிறு முடிச்சுகளாகவோ ஒட்டியிருக்கும். எந்த வைத்தியம் பலிக்கும் என்பது இதைப் பொறுத்தது. அதனால் வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

எந்தப் புற்றுநோய் இப்படிப் பரவும்?

கட்டி வகைப் புற்றுநோய்களில் மார்பும் நுரையீரலும் முன்னுக்கு நிற்கின்றன. தோலில் வரும் மெலனோமாவும் பரவும், ஆனால் நம்மவரிடம் அது அரிது. இரைப்பைப் புற்றுநோயிலும் சில வேளை வரும். இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் சிலவற்றில் இது தெரிந்த ஆபத்து என்பதால் முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பார்கள். கட்டி வகை நோயாளர் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது வருகிறது. மார்புப் புற்றுநோய் முடிந்து பல வருடம் கழித்தும் வரலாம். "அது எப்பவோ சுகமாகிட்டுது" என்று அந்தப் பழைய கதையை வைத்தியரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

வெற்றிலை, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் இங்கே நிறையப் பேருக்கு இருப்பதால் அதைப் பற்றியும் கேட்கிறார்கள். அது இந்த உறைக்கு வருவது குறைவு. ஆனால் முக நரம்புகள் வழியாக மண்டையோட்டின் அடி வரை ஏறும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் விறைப்போ எரிவோ புதிதாக வந்தால் கிளினிக் திகதி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

என்ன குறிகள் தெரியும்? சாதாரணத் தலையிடியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

ஒன்றோடொன்று பொருந்தாத குறிகள் ஒரே ஆளுக்கு வருவதுதான் இந்த வருத்தத்தின் அடையாளம். பார்ப்பது இரட்டையாகத் தெரிகிறது. அதே கிழமை இடது காலில் விறைப்பு. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. கூடவே நாரி நோ. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடிக் கடை, நாரிக்கு எண்ணெய், விறைப்புக்கு விற்றமின் ஊசி என்று மூன்று இடத்துக்கு அலைவதில் இரண்டு மூன்று கிழமை போய்விடுகிறது. இந்த நோயில் அது பெரிய இழப்பு.

தலையிடி பெரும்பாலும் விடியற்காலையில், படுக்கையிலேயே, கூடுதலாக இருக்கும். குமட்டல் இல்லாமலே சத்தி பாயும். குனிந்தாலும் இருமினாலும் இடி ஏறும். சிலருக்குப் படுக்கையிலிருந்து எழும்பி நின்றதும் சில நிமிடம் கண் இருண்டு விழுந்துவிடுவார்கள். நீர் வடிய வழியில்லாமல் தலைக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதால் வருவது அது. "பிரஷர் குறைஞ்சிட்டுது" என்று விட்டுவிடுவது வழக்கம். காது மந்தம், விழுங்கக் கஷ்டம், குரல் மாற்றம், நடை தள்ளாட்டம், ஆளின் சுபாவம் மாறுதல், வலிப்பு ஆகியவையும் இதில் அடங்கும்.

எதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

சலம் போகாமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமலே போனால். இருக்கும் இடமும் உள்தொடையும் மரத்துப்போனால். கால்கள் நாளுக்கு நாள் பலம் இழந்தால். எழுப்ப எழுப்பத் தூக்கமாகவே இருந்தால். வலிப்பு வந்தால். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியஸுக்கு மேல் போனால்.

இந்த நிலையில் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மட்டக்களப்புக்கோ நேரே வான் பிடிக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து முதலில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். அந்த அழைப்புக்கும் அம்புலன்ஸுக்கும் காசு இல்லை. மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்தார் அருகிலுள்ள வைத்தியசாலையில் ஏறினாலும் சரி. சலம் அடைத்தவருக்குக் குழாய் போடுவது, வலிப்பை நிறுத்துவது, வீக்கம் தணிக்கும் ஸ்டீரொயிட் ஊசி தொடங்குவது எல்லாம் அங்கேயே முடியும். மற்றப் பெரிய ஆஸ்பத்திரியோடு பேசி அனுப்புவதும் அவர்கள் வேலை. கால் பலம் போய் ஓரிரு நாள் கடந்துவிட்டால் பிறகு எந்தக் கதிர்வீச்சும் அதை முழுதாகத் திருப்பித் தருவது அரிது.

சீ.ரீ ஸ்கேன் சுகம் என்று வந்தது. பிறகு ஏன் எம்.ஆர்.ஐ?

சீ.ரீயில் மெல்லிய படலம் தெரியாது. கட்டி, இரத்தக்கசிவு, நீர் தேங்கி மூளை அறைகள் வீங்கியிருப்பது போன்ற பெரிய விடயங்கள்தான் அதில் தெரியும். உறையைப் பார்க்க கடோலினியம் மருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ வேண்டும். மூளைக்கு மட்டும் எடுத்தால் பாதி வேலைதான். கழுத்திலிருந்து நாரி வரை முழு முள்ளந்தண்டையும் எடுக்க வேண்டும். ஸ்கேனுக்கு எழுதித் தந்த துண்டில் "முழு முள்ளந்தண்டு, மருந்துடன்" என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். மூளையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, திரும்பவும் அதே தூரம் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

போகுமுன் இரத்தத்தில் கிரியற்றினின் பார்த்த ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு அந்த மருந்தை யோசித்துத்தான் ஏற்றுவார்கள். உடம்பில் பேஸ்மேக்கர், கிளிப், குண்டுச் சன்னம் ஏதும் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். யுத்தகாலக் காயம் பட்டவர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள். ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் சன்னம் தெரிந்துவிடும். முழுவதும் எடுக்க ஒரு மணித்தியாலம் அளவில் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். நோவுக்குரிய குளிசையை அரை மணிக்கு முன்னே கொடுத்துவிட்டால் பாதியில் நிறுத்த வேண்டி வராது.

முதுகில் ஊசி போட்டுத் தண்ணி எடுத்தால் கால் இழுத்துக்கொள்ளுமா?

இல்லை. முண்ணாண் நாரியின் மேற்பகுதியிலேயே, முதலாம் இரண்டாம் நாரி முள்ளெலும்புகளின் மட்டத்தில், முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையில். அங்கே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பிழைகள். ஊசி வந்தால் விலகிக்கொடுக்கும். ஊசி ஒன்றில் உரசினால் காலில் மின்னல் போல ஒரு சுள் என்ற உணர்வு வரும். அசையாமல் வாயால் சொன்னால் போதும்; வைத்தியர் திசையைத் திருப்புவார்.

முன்னேற்பாடு இரண்டு. குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) 50,000க்கு மேல் இருக்க வேண்டும். வாவரின், எனொக்ஸபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர் அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டே ஆக வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது கீழே நீர் எடுத்தால் மூளை கீழ்நோக்கி இறங்கும் ஆபத்து இருக்கிறது. அதனால் ஸ்கேன் முதலில், ஊசி பிறகு. இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஊசி போட்ட பின் உறை சில நாள் தானாகவே ஸ்கேனில் வெளுத்துத் தெரியும், நோயா ஊசியின் விளைவா என்று குழப்பும்.

நீர் எடுத்தபின் வரும் தலையிடி நோயின் தலையிடிக்கு நேர்மாறு: இருந்தால் இடிக்கும், படுத்தால் போகும். நாள் முழுக்க நேராகக் கிடத்தி வைத்தாலும் அது வராமல் தடுக்காது. நிறையத் தண்ணி, தேத்தண்ணி அல்லது கோப்பி, பனடோல் போதும். சில நாளில் போய்விடும்.

தண்ணியில் கலம் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. நோய் இல்லைத்தானே?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. முதல் தடவை எடுத்த நீரில், நோய் உண்மையில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மட்டுமே கலம் அகப்படுகிறது. இரண்டாம் தடவை எடுத்தால் அது 80 வீதம் அளவுக்குப் போகும். தப்புவதற்குக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை.

எடுத்த நீர் போதாமல் இருப்பது முதலாவது. கலப் பரிசோதனைக்கு மட்டும் 10 மில்லிலீற்றர் வேண்டும். இரண்டு மூன்று மில்லிலீற்றர் அனுப்பினால் கலம் அதில் வராமல் போகலாம். "இவ்வளவு எடுத்தால் மூளை காய்ந்துபோகுமே" என்று பயப்படத் தேவையில்லை. 10 மில்லிலீற்றரை உடம்பு அரை மணித்தியாலத்தில் திரும்பச் சுரந்துவிடும். இரண்டாவது, தாமதம். போத்தலுக்குள் போன கலங்கள் மணித்தியாலக் கணக்கில் சிதைந்துபோகும். நம் வெக்கையில் மேசைமேல் வைத்துவிட்டால் இன்னும் கெதியாக. உடனே ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும், அல்லது கலத்தைப் பதப்படுத்தும் திரவம் சேர்க்க வேண்டும். வேறு ஊருக்கு அனுப்பும் மாதிரி என்றால் "பதப்படுத்தியாயிற்றா?" என்று வார்ட்டில் ஒரு வார்த்தை கேட்பதில் பிழையில்லை. மூன்றாவது, நோய் படலமாக ஒட்டியிருந்து நீரில் உதிராமல் இருப்பது. ஸ்கேனும் குறிகளும் தெளிவாகப் பொருந்தினால் கலம் அகப்படாமலே வைத்தியம் தொடங்குவார்கள். அது அவசரப்படுவது அல்ல.

அதே நீரில் புரதம் கூடி, சீனி குறைந்து, கலங்கள் ஏறியிருந்தால் காசநோயும் அப்படியே காட்டும். கீமோவால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது வரக்கூடியதே. அதனால் காசநோய், பங்கசுக்கான பரிசோதனைகளும் சேர்த்தே அனுப்பப்படுகின்றன. நிணநீர்ப் புற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால், ஆளின் நிலை இடம்கொடுத்தால், நீர் எடுக்கும்வரை ஸ்டீரொயிட்டைத் தள்ளிவைப்பார்கள். ஒரு சில டோஸிலேயே அந்தக் கலங்கள் கரைந்து மறைந்துவிடும்.

இது மூளைக்காய்ச்சல் மாதிரித் தொற்றுமா?

தொற்றாது. கோப்பை, துவாய், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் படுக்கலாம்.

என்ன வைத்தியம் இருக்கு?

நான்கு வழிகள். ஒருவருக்கு எல்லாமே கொடுப்பதில்லை.

கதிர்வீச்சு, ஊரில் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். குறி எங்கே இருக்கிறதோ அங்கே பிடிப்பது: கால் பலம் குறைந்தால் நாரிக்கு, முக நரம்புகள் பாதித்தால் மூளை அடிக்கு அல்லது முழு மூளைக்கு. வழமையாக 5 நாளில் 20 கிரே (கதிரை அளக்கும் அலகு), அல்லது 10 நாளில் 30 கிரே. நோவு குறைய இதுவே கைகண்ட வழி. நீரோட்டத்தை அடைத்திருக்கும் முடிச்சைக் கரைத்து வழிவிடவும் செய்யும். போன நரம்புப் பலத்தை மீட்பதில் மட்டும் இது பலவீனம்.

நீருக்குள்ளே நேரே மருந்து செலுத்துவது அடுத்தது. பெரும்பாலும் மெதோட்ரெக்ஸேற், ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், கிழமைக்கு இரண்டு தடவை என்று தொடங்கி நீர் தெளியத் தெளியக் குறைப்பார்கள். பதப்பொருள் கலக்காத தயாரிப்பாக இருக்க வேண்டும். இந்த மருந்து உறையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழம்தான் ஊறும். மிதக்கும் கலங்களுக்கும் மெல்லிய படலத்துக்கும் சரி; தடித்த முடிச்சுக்குப் போதாது. நீரோட்டம் எங்காவது அடைபட்டிருந்தால் மருந்து ஓரிடத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கும். ஊசிக்குப் பிறகு ஓரிரு நாளுக்குள் தலையிடி, சத்தி, காய்ச்சல் வருவது பெரும்பாலும் உறை எரிச்சல், ஸ்டீரொயிட்டால் தணியும். ஆனால் கிருமித் தொற்றும் இதே உருவில்தான் வரும். வித்தியாசத்தை வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது.

மூன்றாவது, உடம்பு முழுக்கப் போகும் மருந்து. இன்றைக்கு மிகப் பெரிய வித்தியாசம் இங்கேதான். நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவருக்கு ஒசிமெர்டினிப் குளிசை (நாளுக்கு 80 மில்லிகிராம், உறைக்குப் பரவியவர்களிடம் 160 வரை பரிசோதித்திருக்கிறார்கள்) உறை நீருக்குள் போய் வேலை செய்கிறது. ஏ.எல்.கே மரபணு மாற்றம் உள்ளவருக்கும் மார்புப் புற்றுநோயில் ஹெர்-2 என்ற புரதம் கூடியவருக்கும் இது போலத் தனி மருந்துகள் உண்டு. ஆகவே பழைய பயொப்சி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அந்தச் சோதனை செய்யப்படவேயில்லை என்றால் இப்போதாவது செய்யலாமா என்று கேளுங்கள். விலை கடுமை, வாங்குமுன் அரச ஆஸ்பத்திரி வழியாகக் கிடைக்க வழி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

நான்காவது, நீர் தேங்கியவருக்கு மூளையிலிருந்து வயிற்றுக்குள் வடியவிடும் குழாய். நோயை மாற்றாது, தலையிடியையும் சத்தியையும் ஒரே நாளில் குறைத்துவிடும். நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்தில்தான் செய்வார்கள்.

தலைத் தோலுக்குள் மூடி மாதிரி ஒன்று வைப்பதாகச் சொல்கிறார்கள். அது என்ன?

ஒம்மாயா என்று பெயர். பத்து ரூபாய்க் குற்றியளவு மெத்தென்ற ஒரு சிறு கிண்ணம், தோலுக்கு அடியில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் மூளை அறைக்குள் போகும். ஒவ்வொரு தடவையும் நாரியில் குத்தாமல் இதில் மெல்லிய ஊசி ஏற்றி, முதலில் நீர் எடுத்து, பிறகு அதே அளவு மருந்து விடுவார்கள். மருந்தும் சமமாகப் பரவும். பெரிய பயம் கிருமித் தொற்று. தையல் ஆறும்வரை அந்த இடத்தில் எண்ணெய், மஞ்சள், திருநீறு எதுவும் பூச வேண்டாம். சிவந்து வீங்கினாலோ ஈரம் கசிந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். ஆறியபின் தலை முழுகலாம்.

எவ்வளவு காலம் இருப்பார்?

வைத்தியம் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமை. வைத்தியத்துடன் நடுத்தரமாகச் சில மாதங்கள். தகுந்த குளிசை உள்ள நுரையீரல் நோயாளரும், ஹெர்-2 உள்ள மார்பு நோயாளரும், இரத்தப் புற்றுநோயாளரும் இதைத் தாண்டிப் போவது உண்டு. ஒரு வருடம் கடந்தவர்களும் இருக்கிறார்கள். கணக்கைத் தீர்மானிப்பவை: தொடங்கும்போது ஆள் எழும்பி நடமாடுகிறாரா, உடம்பின் மற்ற இடங்களில் நோய் அடங்கியிருக்கிறதா, கொடுக்க மருந்து மிச்சம் இருக்கிறதா.

சென்னைக்குக் கொண்டுபோனால்?

சென்னையில் 2019 முதல் புரோத்தன் கதிர்வீச்சு (எக்ஸ் கதிருக்குப் பதில் புரோத்தன் என்ற நுண்துகளால் பிடிப்பது) மையம் இயங்குகிறது. மார்பு, நுரையீரல் நோயாளரிடம் மூளையும் முள்ளந்தண்டும் முழுதாக புரோத்தன் கதிர் பிடித்த அமெரிக்க ஆய்வு 2022இல் வெளிவந்தது. வழமையான கதிர் பெற்றவர்களுக்கு நடுத்தர ஆயுள் 6 மாதம். புரோத்தன் பெற்றவர்களுக்கு 9.9 மாதம். உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஓரளவு நடமாடக்கூடியவர்கள். படுக்கையில் விழுந்தவரை, காணியை ஈடு வைத்து, விமானத்தில் கொண்டுபோவதற்கு அந்த இலக்கம் ஆதாரமாகாது. நடமாடுகிறார், மற்ற இடங்களில் நோய் அடங்கியிருக்கிறது, செலவுக்குக் கடன் தேவையில்லை என்றால் முதலில் எம்.ஆர்.ஐ படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் மட்டும் அனுப்பி "இவருக்குப் பொருந்துமா" என்று கேளுங்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு போவது அந்தப் பதிலுக்குப் பிறகு.

மட்டக்களப்பா, கண்டியா, மகரகமையா?

கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே முதலில். புதிதாகத் தொடங்குவதென்றால் கிழக்கில் கதிர்வீச்சு வசதி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உண்டு. மூதூர், வாகரை வழி 130 கிலோமீற்றர் அளவில். நரம்புச் சத்திரசிகிச்சை கண்டியிலும் கொழும்பிலும் உண்டு. மகரகமை அபேக்ஷா வைத்தியசாலை 250 கிலோமீற்றருக்கு மேல்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தடவை என்ன செய்யப் போகிறீர்கள், அதை ஆள் வராமல் செய்யலாமா?" ரிப்போர்ட் காட்டவும் மருந்து எடுக்கவும் வீட்டார் ஒருவர் போனால் போதும் என்று பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். கதிர் பிடிக்கப் பத்து நாளா ஐந்து நாளா என்ற தெரிவு இருந்தால், தூரத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். ஐந்து நாள் போதுமான சந்தர்ப்பங்கள் நிறைய.

வானில் மட்டமாகப் படுக்கவைக்க வேண்டாம். தலையும் நெஞ்சும் 30 பாகை உயர்ந்திருக்கத் தலையணை அடுக்குங்கள். மட்டமாகக் கிடந்தால் தலையிடியும் சத்தியும் கூடும். சத்திக் குளிசையும் நோக் குளிசையும் புறப்பட ஒரு மணிக்கு முன். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை நிற்கும் பாதை, மெதுவாகத்தான் போக முடியும். விடியப் புறப்படுவது நல்லது. கையில் டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி, எம்.ஆர்.ஐ சீ.டி, கடைசி இரத்த ரிப்போர்ட், மருந்துப் பட்டியல். சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பாதிச் சிரமம் குறையும்.

டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எப்படிக் கொடுப்பது?

காலைச் சாப்பாட்டுடன் ஒரு வேளைக்குரியது, பகல் இரண்டு மணிக்கு முன் மற்ற வேளைக்குரியது. பின்னேரம் கொடுத்தால் இரவு நித்திரை வராது, ஆள் குழம்புவார். பெரிய ஆபத்து குளிசையின் வலிமையில் இருக்கிறது: 0.5 மில்லிகிராமிலும் 4 மில்லிகிராமிலும் குளிசை உண்டு. 8 மில்லிகிராம் என்றால் சிறியதில் 16, பெரியதில் 2. பாமசி மாறும்போது "இரண்டு குளிசை" என்ற பழக்கத்தில் கொடுத்தால் 8க்குப் பதில் 1 தான் போகும். இரண்டு நாளில் தலையிடி திரும்பிவிடும். எண்ணிக்கையை விட்டு மில்லிகிராமை எழுதி வையுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவருக்குச் சீனி ஏறும், இல்லாதவருக்கும் பாருங்கள். வாயில் வெள்ளைப் படலம் வந்தால் பங்கசு, மருந்து இருக்கிறது. இரண்டு மூன்று கிழமை எடுத்தவர் திடீரென நிறுத்தக் கூடாது. கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் தொடை மட்டும் பலம் குறைந்தால் அது நோயாலும் இருக்கலாம், இந்தக் குளிசையாலும் இருக்கலாம்; கேளுங்கள்.

சாப்பிடும்போது புரையேறுகிறது. என்ன கொடுக்கலாம்?

நோயாளிக்கு லேசான சாப்பாடு என்று எல்லாரும் முதலில் கொடுப்பது இடியப்பமும் சொதியும். விழுங்கும் நரம்பு பலவீனமானவருக்கு இதைவிடக் கடினமானது இல்லை. சொதி தண்ணியாக முன்னே ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகும், இடியப்பம் பின்னால் தொண்டையில் நிற்கும். பிட்டு உதிர்ந்து அதையே செய்யும். தண்ணியும் திண்மமும் ஒரே வாயில் சேரக் கூடாது என்பதுதான் விதி.

சோற்றைப் பருப்போடு குழைத்து மசித்தது, பூசணி, உருளைக்கிழங்கு மசியல், அரைத்துத் தடிப்பாக்கிய உளுந்தங்கஞ்சி, எருமைத் தயிர், முள்ளெடுத்து மசித்த மீன் எல்லாம் சரி. பதம் பார்க்க, கரண்டியைச் சாயுங்கள். ஒரே கட்டியாக வழுக்கி விழ வேண்டும், ஒழுகக் கூடாது. தேக்கரண்டியால் ஒவ்வொரு வாயாக. நிமிர்ந்து இருத்தி, நாடியைக் கொஞ்சம் தாழ்த்தி. குழாய் மூக்குள்ள கிண்ணத்தால் புகட்டினால் தலை பின்னால் சாயும், தொண்டை திறந்துகொள்ளும், வேண்டாம். விழுங்கியபின் "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் நனைந்தது போலக் கரகரத்தால் உணவு குரல்வளையில் நிற்கிறது; நிறுத்தி இருமச் சொல்லுங்கள். முடிந்தபின் அரை மணி நிமிர்ந்தே இருக்க வேண்டும். கடைசி நாட்களில் பசி போய்விடும். வற்புறுத்திப் புகட்டுவது நியூமோனியாவைத்தான் கொண்டுவரும்.

கண் மூட முடியவில்லை, இரட்டையாகவும் தெரிகிறது.

முகநரம்பு போனால் கண் காய்ந்து கருவிழி புண்ணாகும். பகலில் கண்ணீர்த் துளி, இரவில் கண் களிம்பு போட்டு இமையைச் சேர்த்து மெல்லிய மருத்துவ ரேப்பால் ஒட்டுங்கள். இரட்டைப் பார்வைக்குப் பழைய கண்ணாடியின் ஒரு பக்கத்தை வெள்ளை ரேப்பால் மறைத்தால் போதும்.

மோர்பீன் கொடுத்தால் கெதியாகப் போய்விடுவாரா?

போகமாட்டார். அளவறிந்து கொடுக்கும் மோர்பீன் ஆயுளைக் குறைப்பதில்லை. நரம்பு நோவுக்கு அமிட்ரிப்டிலின் அல்லது கபாபென்டின் சேரும்போது மோர்பீனும் குறைவாகவே தேவைப்படும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதனால் மலமிளக்கியை அதே நாளில் தொடங்குங்கள். சாதாரண பாமசியில் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். ஒரு கிழமைக்குரியது மிச்சம் இருக்கும்போதே கிளினிக்கில் எடுங்கள். மெதோட்ரெக்ஸேற் போகும் காலத்தில் டைக்குளோபெனக், இபுபுரூபன் குளிசைகளைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வலிப்பு வந்தால்?

பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துங்கள். வாயில் கரண்டியும் கையில் திறப்புக்கொத்தும் வேண்டாம். நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 1990. அதற்குள் நின்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாட்டு மருந்து செய்யலாமா? நோன்பு பிடிக்கலாமா?

வல்லாரை, தூதுவளை சாப்பாட்டில் சேர்த்தால் பிரச்சினை இல்லை. பஸ்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்தவை கீமோவோடு சேர்ந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். எடுப்பதானால் வைத்தியருக்கு மறைக்க வேண்டாம். நோயாளருக்கு நோன்பில் மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. ஸ்டீரொயிட்டும் வலிப்புக் குளிசையும் நேரம் தவறக் கூடாதவை. மெதோட்ரெக்ஸேற் எடுப்பவர் உடம்பில் நீர் குறையவிடக் கூடாது. பிடிக்க வேண்டாம் என்றே சொல்வோம்.

ஆளுக்குச் சொல்லலாமா?

இந்த நோய் நினைவையும் பேச்சையும் குழப்பும். இன்று தெளிவாக இருப்பவர் அடுத்த மாதம் கையெழுத்திடும் நிலையில் இல்லாமல் போகலாம். காணி உறுதி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பொறுப்பு, ஆஸ்பத்திரியிலா வீட்டிலா இருக்க விருப்பம் என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை. மறைத்து வைத்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். எவ்வளவு தெரிய விருப்பம் என்று அவரிடமே கேட்டு, கேட்ட அளவுக்குச் சொல்லலாம்.

பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய். பரவவில்லை என்கிறார்கள், ஆனாலும் முதுகில் ஊசி போடுகிறார்கள். ஏன்?

சாதாரண கீமோ மருந்துகள் பல மூளை நீருக்குள் போதியளவு போவதில்லை. ஒன்றிரண்டு கலம் அங்கே ஒளிந்திருந்தால் நோய் பிறகு அங்கிருந்து திரும்பும். முதுகில் போடும் ஊசி அதைத் தடுக்க; பெரும்பாலான பிள்ளைகள் முழுச் சுகம் அடைவதில் இந்த ஊசிக்கும் பங்கு உண்டு. இங்கே தாய்தகப்பன் தெரிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்று: இதே பிள்ளைக்கு நாளத்தில் வின்கிறிஸ்ரின் என்ற மருந்தும் போகும். அது தவறுதலாக முதுகு நீருக்குள் போனால் உயிர் தப்புவது அரிது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை ஊசிக்குழாயில் எடுக்காமல் சிறு சேலைன் பையில் கலந்து கொடுக்கச் சொல்கிறது. முதுகில் ஊசி போடும் நேரத்தில் மருந்தின் பெயரை உரக்க வாசிக்கும்படி கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல வார்ட்டில் அதை அவர்களே செய்வார்கள்.